நெசவுத் தெருவும் செல்போன் டவரும்

குடியிருப்புப் பகுதியில் செல்போன் டவர் வைப்பதை எதிர்த்து மக்கள் திரள்வது தமிழ்நாட்டில் இருபது ஆண்டுகளாக நடந்துவருகிறது. நடக்கும் விதமும் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. ஒரு நாள் காலை தெருவில் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடிக்கு இரும்புச் சட்டங்கள் ஏறும். எதற்கு என்று கேட்டால் நேரான பதில் வராது. இரண்டொரு நாளில் விஷயம் கசிந்துவிடும். பெண்கள் முதலில் கூடுவார்கள், கவுன்சிலருக்குப் போன் போகும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப்படும். புற்றுநோய், கர்ப்பிணிகள், பிறக்கும் குழந்தைகள், சிட்டுக்குருவி என்று மனு நீளும். சில சமயம் சாலை மறியல், அதையடுத்து தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை. வேலை கொஞ்ச நாள் நிற்கும். பிறகு நிறுவனம் உயர் நீதிமன்றம் போய்ப் போலீஸ் பாதுகாப்புக்கு உத்தரவு வாங்கி வரும், டவர் எழும்பிவிடும்.

இந்தப் போராட்டங்கள் தோற்பதற்குக் காரணம் மக்களிடம் நியாயம் இல்லாதது அல்ல. மனுவில் முதல் வரியாக எழுதப்படும் காரணம்தான் சட்டத்தின் முன் ஆகப் பலவீனமானது. பலமான காரணங்கள் பெரும்பாலும் மனுவில் ஏறுவதே இல்லை. காஞ்சிபுரம் மாதிரி ஊரில் அந்தப் பலமான காரணங்கள் மற்ற ஊர்களைவிட அதிகம் என்பதால் அவற்றை விரிவாகப் பார்ப்பது அவசியம்.

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் குடியிருப்புகளில் முக்கியமானது பிள்ளையார்பாளையம். அங்குள்ள பழைய வீடுகள் அகலம் குறைந்து, பின்னோக்கி நீண்டு போகிறவை. இரண்டு வீட்டுக்கு ஒரே பொதுச்சுவர். முன்கூடத்திலோ நடுக்கூடத்திலோ தறி இருக்கும். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால் நெய்பவருக்குப் பொழுது அங்கேயே கழியும். கோர்வைச் சேலை என்றால் கரைக்குத் தனி நாடா ஓட்ட இன்னொரு ஆள் பக்கத்தில் வேண்டும். காலை வேளையில் பாவு நீட்டுவதற்குத் தெருவே பட்டறை. அதாவது, பகல் முழுக்க ஆண், பெண், முதியவர், குழந்தை எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற தெரு இது. காலையில் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் அடுக்குமாடிக்காரருக்கு எதிர்வீட்டு டவர் ஒரு கவலை என்றால், இருபத்துநான்கு மணி நேரமும் அதன் எதிரில் வாழ்கிறவருக்குக் கவலை கூடுதலாகத்தான் இருக்கும். அதை அறியாமை என்று ஒதுக்குவது சரியல்ல.

அதே தெருவுக்கு சிக்னலும் வேண்டும். சேலையின் உடல், முந்தி, கரை எல்லாம் வாட்ஸ்அப்பில் படமாகப் போய்த்தான் இன்று பல விற்பனைகள் முடிகின்றன. பணம் ஜிபேயில் வருகிறது. வைகாசி கருட சேவையன்று சின்ன காஞ்சிபுரத்தில் கூடும் கூட்டம் இருக்கிறது. 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்த அத்திவரதர் வைபவத்துக்கு வந்தவர்கள் சுமார் ஒரு கோடிப் பேர் என்று சொல்லப்பட்டது. ஒரு டவரால் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய இணைப்புகளுக்கு எல்லை உண்டு. கூட்டமும் இணையப் பயன்பாடும் ஏற ஏற டவர்கள் நெருக்கமாக நிற்க வேண்டியிருக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலை வெகுதூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2022 அக்டோபர் 1-இல் இந்தியாவில் தொடங்கிய 5ஜி-யின் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்த எட்டு கிடையாது. ஆகவே டவரை ஊருக்கு வெளியே வயலில் வைத்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை கேட்க நியாயமாக இருந்தாலும் தொழில்நுட்பத்துக்கு ஒத்துவராது.

கதிர்வீச்சு விஷயத்துக்கு வருவோம். டவர் ஆன்டெனா வெளியிடுவது ரேடியோ அலை. எக்ஸ்ரே, காமா கதிர்கள் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறிந்து மரபணுவைச் சிதைக்கக்கூடியவை. ரேடியோ அலைக்கு அந்த ஆற்றல் இல்லை. உறுதியாக நிரூபிக்கப்பட்ட அதன் விளைவு உடல் திசுவைச் சூடாக்குவது மட்டுமே. அந்தச் சூடு தொடங்கும் அளவைக் கணக்கிட்டு, அதில் ஐம்பதில் ஒரு பங்கைப் பொதுமக்களுக்கான உச்சவரம்பாக ஐக்னிர்ப் என்ற சர்வதேசக் குழு வைத்தது. இந்தியா 2008-இல் அந்த வரம்பை ஏற்றது. 2010-இல் அமைந்த அமைச்சகங்களுக்கு இடையிலான குழு 2011 ஜனவரியில் அறிக்கை தந்த பிறகு, 2012 செப்டம்பர் 1 முதல் அதையும் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. இதன்படி 900 மெகாஹெர்ட்ஸுக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800-க்கு 0.9 வாட், 2000-க்கு மேல் 1 வாட். ஐக்னிர்ப் கணக்கில் இவை முறையே 4.5, 9, 10 வாட். ஐரோப்பிய நாடுகள் பலவற்றைவிட இந்திய வரம்பு கடுமையானது. மக்களின் எதிர்ப்புக் குரல் இல்லாமல் இந்தக் குறைப்பு நடந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

அலை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஆன்டெனா என்பது உச்சியில் செங்குத்தாகப் பொருத்தப்பட்ட நீளமான வெள்ளைப் பெட்டி. அது தன் முகம் பார்க்கும் திசையில், கிடைமட்டத்திலிருந்து சில டிகிரி மட்டும் கீழே சாய்ந்து வீசுகிறது. விளக்கடியில் இருட்டு என்பது இங்கே அப்படியே பொருந்தும். டவர் நிற்கும் வீட்டுக்குக் கீழே அலை பெரும்பாலும் பலவீனம். கவனிக்க வேண்டியது எதிரே, ஆன்டெனா இருக்கும் அதே உயரத்தில் உள்ள மாடி. அதனால்தான் தொலைத்தொடர்புத் துறையின் வழிகாட்டுதல் இடைவெளியை அந்தத் திசைக்கென்றே வகுத்திருக்கிறது. ஒரே திசையில் ஒரு ஆன்டெனா இருந்தால், அதன் முன்னால் அதே உயரத்தில் 20 மீட்டருக்குள் கட்டடம் இருக்கக் கூடாது. இரண்டு இருந்தால் 35 மீட்டர், நான்குக்கு 45, ஆறுக்கு 55, பன்னிரண்டுக்கு 75 மீட்டர். சாதாரணத் தெருவில் எதிர்வரிசை மாடி சில மீட்டர் தூரத்தில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மேலே ஒரு மாடி எழுப்பினால் கணக்கே மாறிவிடும். கலெக்டரிடம் போகும் மனுவில் புற்றுநோய் என்ற சொல்லுக்குப் பதிலாக இந்த மீட்டர் கணக்கும், எதிர்மாடியின் போட்டோவும், ஆன்டெனாக்களின் எண்ணிக்கையும் இருந்தால் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நோய் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன? 2011 மே 31-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை ‘2பி’ வகையில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. போராட்டங்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது இதுதான். ஆனால் அந்த முடிவுக்கு முதன்மை ஆதாரமாக இருந்தவை கைபேசியை நெடுநேரம் காதில் வைத்துப் பேசியவர்களைப் பற்றிய ஆய்வுகள், டவர் அருகே வசித்தவர்களைப் பற்றியவை அல்ல. 2018-இல் இத்தாலியின் ராமாசினி நிறுவனம் டவர் அலை போன்ற அலையில் எலிகளை வைத்து நடத்திய ஆய்வு, ஆண் எலிகளின் இதயத்தில் அபூர்வக் கட்டிகள் கூடியதாகச் சொன்னது. அதன் முறையியலை விமர்சித்தவர்களும் உண்டு. உலக சுகாதார அமைப்பு கேட்டுக்கொண்டதன் பேரில் 63 ஆய்வுகளைத் தொகுத்து அலசி 2024-இல் வெளிவந்த மதிப்பாய்வு, கைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. டவர்கள் விஷயத்திலும் அபாயம் கூடியதற்கான தடயம் அதில் கிடைக்கவில்லை.

தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு? டவர் வந்த பிறகு இவை வந்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட சோதனையில், தங்களுக்கு அலை ஒத்துக்கொள்ளாது என்று சொன்னவர்களை அலைபரப்பி முன் உட்காரவைத்தார்கள். அது இயங்குகிறதா இல்லையா என்று சொல்லாதபோது அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. இயங்குகிறது என்று சொல்லப்பட்டபோது உடல் தொந்தரவு கூடியது. ஆக, அச்சமே உடலைப் படுத்துகிறது. தெருவில் யாரிடமும் சொல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக டவரை ஏற்றுகிற நிறுவனம் இந்த நோயில் ஒரு பங்கை விளைவிக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. பிரான்சில் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009 பிப்ரவரி 4-இல், அபாயம் நிரூபிக்கப்படாவிட்டாலும் அக்கம்பக்கத்தாரின் நியாயமான அச்சமே ஒரு தொந்தரவுதான் என்று கருதி ஆன்டெனாவை அகற்றச் சொன்னது.

இந்திய நீதிமன்றங்கள் பெரும்பாலும் அந்த வழியில் போகவில்லை. 2006-லேயே கேரள உயர் நீதிமன்றம் சேமஞ்சேரி ஊராட்சி வழக்கில், நிரூபணமில்லாத அச்சத்தை வைத்து டவருக்கு அனுமதி மறுக்க முடியாது என்றது. மாறாக, 2012 நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டுத் திடல்களிலிருந்து டவர்களை அகற்ற உத்தரவிட்டது. 2017 மார்ச் 28-இல் உச்ச நீதிமன்றம், குவாலியரில் வீட்டு வேலை செய்துவந்த ஒருவர், எதிர் மொட்டை மாடி டவரால்தான் தனக்குப் புற்றுநோய் வந்தது என்று போட்ட மனுவை ஏற்று, அந்த பி.எஸ்.என்.எல். டவரை ஏழு நாளில் நிறுத்தச் சொன்னது. நாடு முழுக்கப் போராட்டக்காரர்கள் கையில் எடுத்துக்கொண்ட உத்தரவு இது. ஆனால் அது இடைக்கால உத்தரவு. டவர்தான் நோய்க்குக் காரணம் என்ற அறிவியல் முடிவை நீதிமன்றம் அதில் சொல்லவில்லை. 2021-இல் 5ஜி-க்கு எதிராக நடிகை ஜூஹி சாவ்லா தொடுத்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து 20 லட்சம் ரூபாய் செலுத்தச் சொன்னது. அடுத்த ஆண்டு அது 2 லட்சமாகக் குறைக்கப்பட்டது. செல்போன் அலையால் பறவைகள் அழிவதாகக் காட்டிய ஷங்கரின் ‘2.0’ படம் 2018-இல் வெளியாவதற்கு முன்பு செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்ததும் நினைவிருக்கலாம். பறவைகள் பற்றிய கவலை பொதுவெளிக்குப் போன அளவுக்கு, மீட்டர் கணக்கும் கட்டட பலமும் போகவில்லை.

சட்டமும் தெருவாசிகளுக்கு இடத்தைச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறது. 2016 நவம்பரில் வந்த வழித்தட உரிமை விதிகள் 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்டபோது, தனியார் இடத்தில் டவர் வைக்க உள்ளாட்சியின் அனுமதி தேவையில்லை, முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தால் போதும் என்றாகிவிட்டது. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டமும், 2025 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்த புதிய விதிகளும் அதே திசைதான். வீட்டுக்காரரும் நிறுவனமும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அக்கம்பக்கத்தாரின் சம்மதத்துக்கு அங்கே இடமில்லை. மாதாமாதம் வாடகை ஒரு வீட்டுக்கு, கவலை மொத்தத் தெருவுக்கும் என்ற இந்த ஏற்பாட்டில் உள்ள அநியாயம் கதிர்வீச்சைவிடக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது. நிறுவனம் தெருவைக் கூட்டி விளக்கம் சொல்ல வேண்டும் என்ற ஒரே ஒரு விதியாவது சட்டத்தில் இருந்திருக்க வேண்டும்.

இருப்பினும் விட்டுவைக்கப்பட்ட பிடிகள் சில உண்டு. முதலாவது கட்டடம். மொட்டை மாடி டவருக்குக் கட்டடம் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளரின் சான்று கட்டாயம். காஞ்சிபுரத்து நெசவு வீடுகளில் நாட்டு ஓடு வேய்ந்தவையும், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ் மாடிகளும் இன்னும் உண்டு. பழைய செங்கல் சுவரின் மேல் பிற்பாடு கான்கிரீட் தளம் போட்டவையும் உண்டு. இரும்புச் சட்டம், ஆன்டெனாக்கள், பேட்டரி அலமாரி, ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்த பாரத்தோடு, புயல்காற்றில் சட்டம் இழுக்கும் விசையும் அந்தச் சுவரில்தான் இறங்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்தப் பக்கத்தைப் போட்டு உலுக்கியதை மறந்துவிட முடியாது. பொதுச்சுவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரரின் தறிக்கூடமும் அதே சுவரை நம்பித்தான் நிற்கிறது. அந்தச் சான்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியிடம் கேட்கலாம். சான்று எழுதிய பொறியாளர் பக்கத்து வீட்டையும் பார்த்தாரா என்பது முக்கியமான கேள்வி.

அடுத்தது சத்தமும் புகையும். மின்சாரம் போனால் டவருக்கு ஜெனரேட்டர் ஓட வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஜெனரேட்டர் பெட்டிக்கு ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 75 டெசிபலுக்கு மேல் இருக்கக் கூடாது. இதை அளந்து காட்டுவதற்கு விஞ்ஞானச் சர்ச்சை எதுவும் குறுக்கே நிற்காது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகமே போதும்.

காஞ்சிபுரத்துக்கே உரிய பிடி ஒன்றும் இருக்கிறது. கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில் இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. மதங்கேசுவரர், முக்தேசுவரர், ஐராவதேசுவரர் என்று தெருக்களுக்கு நடுவே நிற்கும் சின்னப் பல்லவர் கோயில்களும் அப்படித்தான். 2010-இல் திருத்தப்பட்ட நினைவுச்சின்னச் சட்டப்படி, இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன்அனுமதி. கைலாசநாதர் கோயில் நிற்பதே பிள்ளையார்பாளையத்தை ஒட்டி. நெசவாளர் வீடுகள் அந்த எல்லைக்குள் வருகின்றன. தங்கள் வீட்டில் ஒரு அறை கூட்டிக் கட்டுவதற்கே தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் வழியாக அலைய வேண்டியவர்கள் அவர்கள். குடிநீர், மின்சாரம் போன்ற பொது வசதிகளுக்குச் சட்டத்தில் விலக்கு இருப்பதால், டவரும் அந்த வகைதான் என்று நிறுவனம் வாதாடக்கூடும். வாதாடட்டும். ஆனால் அதை ஆணையத்தின் முன் வாதாட வேண்டும், இரவில் இரும்புச் சட்டத்தை ஏற்றிவிட்டு அல்ல. ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் கோயில்கள் அறநிலையத் துறையின் கீழ் இருப்பவை என்பதால், அந்தச் சன்னிதித் தெருக்களில் இந்த வாதத்துக்கு இடமில்லை.

இனி அளவீடு. 2017 மே மாதம் மத்திய அரசு ‘தரங் சஞ்சார்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. தன் தெருவைச் சுற்றி எந்தெந்த நிறுவனத்துக்கு எங்கே டவர், அது விதிப்படி இயங்குகிறதா என்று யாரும் அதில் பார்க்கலாம். 4000 ரூபாய் கட்டினால் தொலைத்தொடர்புத் துறையின் களப்பிரிவு நேரில் வந்து அளக்கும். முக்காலியில் ஆள் உயரத்துக்கு ஒரு உணர்கருவியை நிறுத்தி ஆறு நிமிடச் சராசரியை எடுப்பார்கள். அந்த இடத்தில் எல்லா நிறுவனங்களின் அலைகளையும் கூட்டித்தான் வரம்போடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே வரம்புக்குள் இருப்பதாகச் சொல்வது போதாது. மீறினால் நிறுவனத்துக்கு லட்சக்கணக்கில் அபராதம். அளவு எடுக்கும்போது அது தெருவில் அல்ல, எதிர்வீட்டு மேல்மாடியில், ஆன்டெனாவின் முகத்துக்கு நேராக எடுக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்துவது அவசியம். கீழே எடுத்த அளவு பெரும்பாலும் குறைவாகத்தான் வரும்.

அந்த 4000 ரூபாயை ஏன் நெசவாளர் கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு நியாயமான பதில் இல்லை. பிரான்சில் யார் வேண்டுமானாலும் தன் வீட்டில் இலவசமாக அளக்கச் சொல்லலாம். செலவுக்குப் பணம் நிறுவனங்களிடம் வரியாக வசூலிக்கப்படுகிறது, முடிவுகள் பொது வரைபடத்தில் வெளியாகின்றன. இங்கே அது வரும்வரை, தெருவே சேர்ந்து கட்டுவதோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் முன்வருவதோதான் வழி. வந்த முடிவு வரம்புக்குள் இருந்தால் அதைத் தெருவில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவதும் தேவை. அச்சத்தைக் குறைக்க வேறெதையும்விட அது உதவும்.

டவருக்கு இடம் கொடுக்கும் வீட்டுக்காரரும் இதில் பாதிக்கப்படக்கூடியவரே. ‘மாதம் பல ஆயிரம் வாடகை, லட்சக்கணக்கில் அட்வான்ஸ்’ என்று விளம்பரம் செய்து, பதிவுக் கட்டணம் என்று பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றித் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பலமுறை எச்சரித்திருக்கிறது. டவருக்குத் தடையில்லாச் சான்று எதையும் டிராய் தருவதில்லை, எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. உண்மையான நிறுவனமே வந்தாலும் ஒப்பந்தத்தில் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. 2018-இல் ஏர்செல் திவாலாகிச் சேவை நின்றபோது, தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான டவர்கள் சும்மா நின்றன. 2022-இல் அப்படிச் செயலற்று நின்றவற்றில் 600-க்கும் மேற்பட்டவை பிரித்தெடுத்துத் திருடப்பட்டுவிட்டதாக அவற்றை வைத்திருந்த நிறுவனம் போலீஸில் புகார் கொடுத்தது. எத்தனை மாதம் வாடகை வராவிட்டால் ஒப்பந்தம் முறியும், இரும்பை யார் செலவில் யார் இறக்குவது, இறக்கும்போது தளத்துக்கோ பொதுச்சுவருக்கோ சேதம் வந்தால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து யார் ஈடு தருவது என்ற மூன்றும் எழுத்தில் இருந்தால்தான் அந்த ஒப்பந்தம் வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு.